பிந்தி வரும் பருவங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாண்டுகளாகக் கூடியும் பாடியும் வாதிட்டும் வளர்ந்த வட்டம் இது. பத்து என்னும் எண்ணைக் கேட்டதும் சிற்றிலக்கியம் பயின்றவர்க்குப் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. பிள்ளைத்தமிழ் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, அதன் சந்த நயத்தையும் அணிநலனையும் எடுத்துரைப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவற்றை இவ்வவையினர் என்னினும் நன்கறிவர். ஆதலின் இவ்விலக்கிய வகையை இதுவரை வைத்துப் பார்க்காத ஓரிடத்தில் வைத்துப் பார்க்க விழைகிறேன். உரிய திங்களில் தலை நிமிராத, உட்காராத, நடவாத, பேசாத குழந்தை வளரும் வீட்டிற்குப் பிள்ளைத்தமிழ் என்ன சொல்கிறது என்பதே என் பொருள். அத்தகைய குழந்தைக்குத் தாய் என்னும் உரிமையினாலேயே இப்பொருளைத் தேர்ந்தேன் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

திங்களும் பருவமும்

குழந்தைப் பருவத்தின்பாலும் பாடுதல் உரித்து என்னும் விதியைத் தொல்காப்பியப் புறத்திணையியலில் காண்கிறோம். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பாடியபோது அது தனி இலக்கிய வகையாக உருப்பெற்றது. பின்வந்த பாட்டியல் நூல்கள் அதற்கு வரம்பு கட்டின. மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என ஒற்றைப்பட்ட திங்களாக அடுக்கி இருபத்தோராம் திங்கள்வரை கொண்டு சென்று முடிப்பது ஒரு மரபு. ஆண்பாலாயின் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலாயின் கழங்கு, அம்மானை, ஊசல்.

இவ்வடுக்கைக் கண்டு வியவாதார் இல்லை. குழந்தையின் உடலும் உள்ளமும் வளரும் முறையை நம் முன்னோர் எத்துணைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர் என்று வகுப்பறையில் நானே பலமுறை பெருமிதத்தோடு கூறியிருக்கிறேன். ஆயினும் பாட்டியல் நூல்கள் தமக்குள் திங்கட்கணக்கில் முற்றும் ஒத்துப்போவதில்லை என்பதும், ஆண்டுக் கணக்கில் நீட்டிப் பாட இடந்தரும் விதிகளும் உண்டு என்பதும் நினைக்கத்தக்கன. பெரியாழ்வார் திருமொழியில் அடைவே வேறு. தாலாட்டை அடுத்து அம்புலி வருகிறது. அதன்பின் செங்கீரை, சப்பாணி, தளர்நடை எனத் தொடர்கிறது. பின்னாளைய பத்தில் இடம்பெறாத தளர்நடைக்கு அவர் ஒரு பதிகமே தருகிறார். விழுந்தும் எழுந்தும் நடக்கும் நடைக்குத் தனி மதிப்பளித்த அப்பெருமானை, இயன்முறைப் பயிற்சியகத்தின் வாயிலில் காத்திருந்த நாள்களில் நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

இன்றைய மருத்துவமும் இத்தகைய அடுக்குகளை வைத்திருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. துணையின்றி உட்காருதல் 3.8 திங்களுக்கும் 9.2 திங்களுக்கும் இடையே நிகழ்கிறது. தனித்து நடத்தல் 8.2 திங்களுக்கும் 17.6 திங்களுக்கும் இடையே நிகழ்கிறது. அந்நிறுவனம் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு புள்ளியைக் குறிக்காமல், அகன்றதொரு சாளரத்தையே காட்டுகிறது. ஆய்வுக்கு உட்பட்ட நலமான குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வர் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான அட்டவணை, இரண்டு வயதுவரை நோக்கவேண்டிய 17 செயல்களை ஒரே தாளில் தருகிறது. ஒரு கோலை நெடுக்காக வைத்து, இடப்புறம் உள்ளனவற்றைக் குழந்தை செய்கிறதா எனப் பார்த்தால் போதும். எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம்.

சாளரம் அகன்றது என்பதனால் காத்திருக்கலாம் என்பது பொருளாகாது. சாளரத்தின் கடைசி விளிம்பையும் குழந்தை கடந்துவிட்டால் உடனே ஆராயவேண்டும் என்பதே அதன் பொருள். செவி கேட்கிறதா, கண் தெரிகிறதா, தைராய்டுச் சுரப்புக் குறைந்துள்ளதா என்பவை முதலில் பார்க்கவேண்டியவை. பிறவியிலேயே இச்சுரப்புக் குறைந்த குழந்தைக்குத் தொடக்க வாரங்களிலேயே மாத்திரை தந்தால் அறிவு வளர்ச்சியைக் காத்துவிடலாம். காலம் தாழ்த்தினால் இழந்தது மீள்வது அரிது.

ஒரு தாளில் கண்ட செங்கீரை

என் இளைய மகன் முப்பதாம் வாரத்தில், 1,350 கிராம் எடையோடு பிறந்தான். முதல் 38 நாள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அந்நாள்களில் நாங்கள் அவனுக்குப் பாட இயன்றது காப்புப் பருவம் ஒன்றே. காப்பு, குழந்தையிடம் எதனையும் கேட்பதில்லை. கடவுளரை விளித்து, இக்குழந்தையைக் காக்க என்று மட்டுமே வேண்டுகிறது. பத்துப் பருவங்களுள் குழந்தையிடம் ஒன்றும் கேளாத பருவம் முதலில் வைக்கப்பட்டிருப்பதன் அருமையை அப்போதுதான் உணர்ந்தேன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதை இருவகையில் கணக்கிடுவர். பிறந்த நாளிலிருந்து எண்ணுவது ஒன்று. பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணுவது மற்றொன்று. பின்னதைத் திருத்திய வயது என்பர். நாற்பது வாரத்திற்குப் பத்து வாரம் முந்திப் பிறந்தவனுக்குப் பத்து வாரத்தைக் கழித்தே வளர்ச்சியை மதிப்பிடவேண்டும். இரண்டு வயதுவரை இவ்வாறு கழிப்பது வழக்கம். அவ்வாறு கழித்தும் என் மகன் பிந்தியே இருந்தான். உடல் துணிபோலத் துவண்டது. திருத்திய வயதில் ஏழாம் திங்களில்தான் கழுத்து நின்றது.

வீட்டில் இதுபற்றிப் பேச்சு எழுந்தது. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் எந்திரிக்கும். இவன் அப்பன் மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கலியே, இன்னிக்கு பேச்ச நிறுத்த முடியுதா?" என்றார் என் அத்தை. அன்பினால் எழுந்த சொல்லே அது. ஆயினும் எத்தனையோ வீடுகளில் ஈராண்டும் மூவாண்டும் கழிந்துபோவது இச்சொல்லை நம்பித்தான். மூளை விரைந்து தன்னைக் கட்டிக்கொள்ளும் ஆண்டுகள் அவை. நாங்கள் பயிற்சிக்குச் சென்றோம்.

பயிற்சியகத்தில் முதல் மூன்று திங்களுக்கான நோக்கங்களை ஒரு தாளில் எழுதித் தந்தனர். முதல் வரி ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: குப்புறக் கிடக்கும் நிலையில், இரு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, முகத்தை இருபுறமும் திருப்பிப் பத்து விநாடி இருப்பான், ஐந்து முறையில் நான்கு முறை. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இயன்முறை மருத்துவராகிய அந்த இளம்பெண், "ஏம்மா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார். "இதை நான் பத்து வருஷமா பாடம் நடத்திட்டு இருக்கேன்மா. இதுக்குப் பேரு செங்கீரை" என்றேன்.

இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலையெடுத்து, முகம் அசைய ஆடுதலே செங்கீரை என்று மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம். ஆடுவது அழகு என்ற அளவில் நிறுத்திவிடுகிறோம். அவ்வழகின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை அப்பெண் எனக்கு விளக்கினார். உள்ளங்கை தரையை அழுத்தும்போது தோள் உறுதிப்படுகிறது. தோள் உறுதிப்பட்டால்தான் பின்னாளில் விரல் எழுதும். தலை நிமிரும்போது முதுகு நிமிரப் பழகுகிறது. முகம் திரும்பும்போது உடலின் பாரம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறுகிறது. அந்த மாற்றமே தவழ்தலின் வித்து.

துண்டைச் சுருட்டி மார்பின்கீழ் வைத்து, எதிரே பித்தளைக் கிண்ணத்தைத் தட்டி ஒலித்து, பால் குடித்த உடனே இல்லாமல் சற்றுப் பொறுத்து, நாளொன்றுக்குப் பலமுறை, ஐந்து ஐந்து நிமிடமாகச் செய்தோம். அவன் அழுதான். இதில் எங்களுக்குக் கைகொடுத்தவர் அத்தைதான். காலை நீட்டி அமர்ந்து, கால்மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்திக் குளிப்பாட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். அந்நிலையில் குழந்தை தானாகத் தலையெடுக்கும் என்பதை அப்பெண்ணே சுட்டிக்காட்டி, "பாட்டி, தினமும் குளிப்பாட்டும்போது இன்னும் ரெண்டு நிமிஷம் அப்படியே வச்சிருங்க" என்றார். தம் கைத்திறனுக்கு ஒரு மருத்துவர் மதிப்பளித்ததைக் கண்ட அத்தை, அன்றுமுதல் எங்கள் எல்லோரினும் கண்டிப்பான பயிற்றுநராகிவிட்டார். தனிநேரம் ஒதுக்கிச் செய்யும் பயிற்சியினும், குளிப்பாட்டலிலும் உடைமாற்றலிலும் சோறூட்டலிலும் கலந்து செய்யும் பயிற்சியே நிலைக்கிறது. பதினேழாம் திங்களில் அவன் உட்கார்ந்தான்.

நாவும் கையும்

தால் என்பதற்கு நாக்கு என்பது பொருள். தாய் நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. பேச்சுப் பயிற்சியின் முதற்பாடமும் அதுவே. குழந்தையின் நாவை அசைக்குமுன் பெற்றவள் தன் நாவை அசைக்கவேண்டும்; அவன் முகத்திற்கு நேரே, மெதுவாக, திரும்பத் திரும்ப. இதழ் இயையப் பிறப்பன பகரமும் மகரமும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். குழந்தை கண்ணால் கண்டு பின்பற்ற எளியவை அவ்வொலிகளே என்பதனால் பேச்சுப் பயிற்றுநரும் அங்கிருந்தே தொடங்குகின்றனர். அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பூ, மீ என எங்கள் தாளில் எழுதப்பட்டிருந்த சொற்களில் இதழொலி இல்லாதது ஒன்றும் இல்லை.

சப்பாணி கொட்டுதல் கையோடு கையைச் சேர்த்தல். அதற்கு முதலில் கை ஊன்றாமல் உட்காரவேண்டும். பிறகு இரு கைகளும் உடலின் நடுவில் சந்திக்கவேண்டும். பிறகு எதிரில் இருப்பவர் செய்வதைக் கண்டு தானும் செய்யவேண்டும். மூன்று நோக்கங்கள் ஒரு பருவத்துள் அடங்கியுள்ளன. கை வீசச் சொல்லும் பாட்டு, சாய்ந்தாடச் சொல்லும் பாட்டு, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து ஆளாளுக்குப் பங்கிட்டுப் பின் விரல்களை நண்டுபோல ஊரவிடும் விளையாட்டு ஆகியவை நம் வீடுகளில் வழங்கும் பயிற்சிகளே. அக்குளில் நண்டு ஏறப்போகிறது என்று எதிர்பார்த்துக் குழந்தை முன்கூட்டியே சிரிக்கும் அந்த ஒரு கணத்தில், நிகழப்போவதை நினைவில் வைத்திருக்கும் அறிவு வெளிப்படுகிறது. அச்சிரிப்புக்காக நாங்கள் ஓராண்டு கடைந்தோம்.

வியங்கோளும் ஏவலும்

இனி, இவ்வுரையில் நான் முதன்மையாகக் கூறவந்த கருத்துக்கு வருகிறேன்.

நோக்கம் எழுதிய தாள் ஒன்று சுவரில் தொங்கும் வீட்டில், அது நாளடைவில் கட்டளையாகிவிடும் இடர் உண்டு. மூன்று திங்களில் பத்து விநாடி என்று எழுதியிருக்கும். மூன்றாம் திங்கள் முடிவில் ஆறு விநாடியே வந்திருக்கும். தேர்வில் தோற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலக் குழந்தையைப் பார்க்கும் கண் அங்கே பிறக்கிறது. பயிற்சியகங்களின் காத்திருப்பு அறையில் அமர்ந்த எந்தத் தாயும் இதனை அறிவாள். பக்கத்துக் குழந்தையின் தாளைக் கண்ணோரத்தால் படிப்பதும், படித்துவிட்டு வாடுவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள்.

பிள்ளைத்தமிழ் குழந்தையிடம் எவ்வாறு பேசுகிறது? ஆடுக, கொட்டுக, தருக, வருக என்றே பெரிதும் பேசுகிறது. இலக்கணத்தில் இதற்கு வியங்கோள் என்று பெயர். ஏவல் முன்னிலைக்கே உரியது. செய் என்று சொல்லி, செய்வதை எதிர்பார்த்து நிற்பது. வியங்கோள் மூவிடத்திற்கும் ஐம்பாற்கும் பொது. வாழ்த்தவும் வேண்டவும் வருவது. 'வருக' என்னும்போது வரவேண்டும் என்ற விருப்பம் முழுமையாக உள்ளது. வராவிடில் வருந்துவேன் என்னும் மிரட்டல் அதில் இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. பிள்ளைத்தமிழில் குழந்தை ஒருமுறையேனும் விடை கூறுவதில்லை. செங்கீரை ஆடுக என்று பத்துப் பாடல் பாடுகிறார் புலவர். குழந்தை ஆடியதா என்ற செய்தி நூலில் இல்லை. அடுத்த பருவத்திற்குச் செல்லுமுன் முந்தைய பருவம் நிறைவேறியதா எனச் சரிபார்ப்பதும் இல்லை. அழைப்பு முழுமையாக இருக்கிறது. அதனாலேயே நூலும் முழுமையாக இருக்கிறது. பிந்தி வளரும் குழந்தையின் பெற்றோர்க்கு இவ்விலக்கியம் தரும் பெருந்துணை இதுவென்று கருதுகிறேன். நோக்கம் வேண்டும், அதனைப் படிப்படியாகப் பகுக்கவும், விநாடி எண்ணவும், குறித்துவைக்கவும் வேண்டும். மதிப்பீடு இல்லாத பயிற்சி இருளில் நடப்பது. ஆனால் அந்நோக்கத்தைக் குழந்தையின் முன் வியங்கோளாகவே வைக்கவேண்டும். ஆறு விநாடியில் நின்றால் தவறிய தேர்வு என்று எழுதாமல், படியை இன்னும் சிறியதாக்கி மறுபடி 'ஆடுக' என்றே அழைக்கவேண்டும். நல்ல பயிற்றுநர்கள் செய்வதும் இதுவே. எங்கள் தாளில் தவறியது என்ற சொல்லை அப்பெண் ஒருநாளும் எழுதியதில்லை. 'தொடர்கிறது' என்றே எழுதினார்.

நிலவை அழைத்தல்

அம்புலிப் பருவம் பாடுதற்கு அரியது என்பர். ஒப்பும் உறழ்வும் சாம, தான, பேத, தண்டமும் அமைத்துப் பாடவேண்டியிருப்பதே காரணம். வேறொரு வகையிலும் அது அரியதென்று நான் கண்டேன்.

தாய் விரல் நீட்டி நிலவைக் காட்டுகிறாள். குழந்தை நிலவைப் பார்க்கவேண்டுமாயின், விரலைக் கடந்து, விரல் சுட்டும் திசையைப் பின்பற்றி, அவள் காண்பதைத் தானும் காணவேண்டும். இதனை இணைந்த கவனம் என்பர் குழந்தை வளர்ச்சி அறிஞர். மொழி இதன்மேல்தான் எழுகிறது. ஒருவர் காண்பதை மற்றவரும் காணாதபோது பெயர்ச்சொல்லுக்கு இடமேது? என் மகன் நெடுநாள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடியில் எத்தனையோ வளர்பிறைகள் வீணே தேய்ந்தன. இரண்டரை வயதை நெருங்கும்போது ஒருநாள் விரலைவிட்டு மேலே பார்த்தான். வாய் திறந்து பார்த்தான். பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். நிலவைப் பார்த்ததினும், நானும் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்ததே பெரிது என்று அவனுடைய பயிற்றுநர்கள் மகிழ்ந்தனர்.

இப்பருவத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. காப்பு ஒழிந்த ஏனைய பருவங்களில் பெரும்பாலும் குழந்தையை நோக்கி 'நீ இதனைச் செய்க' என்கிறோம். அம்புலியில் மட்டும் பேச்சு நிலவை நோக்கித் திரும்புகிறது. குழந்தையால் நிலவிடம் செல்ல இயலாது. ஆதலின் நிலவே, நீ இவனோடு ஆட வா என்கிறோம். குழந்தைக்கு இயலாத இடத்தில் உலகத்தை இறங்கிவரச் சொல்லும் துணிவு அம்மரபில் உள்ளது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுவதன் சாரமும் இதுவே. படி ஏற இயலாதவனைப் பழிக்காதே, சாய்தளம் கட்டு. பேச இயலாதவனுக்குப் படம் காட்டிப் பேச வழிசெய். பள்ளிக்கு வர உரிமையுடைய குழந்தைக்கு ஏற்பப் பள்ளி மாறட்டும். சாமம் முதலிய நான்கும் எதற்கு என்று என் மாணவியர் கேட்பதுண்டு. மகனைப் பள்ளியில் சேர்க்க அலைந்த நாள்களில் நான்கும் எனக்குத் தேவைப்பட்டன. இன்சொல் கூறினோம், உதவி ஆசிரியைக்கு ஆகும் செலவில் பங்கு தருவதாகச் சொன்னோம், அடுத்த தெருப் பள்ளி சேர்த்துக்கொள்கிறதே என்றோம், இறுதியில் சட்டத்தின் படியை மேசைமேல் வைத்தோம். நான்காவதற்கு நிலவு இறங்கியது.

சிற்றில் சிதைத்த நாள்

சிற்றில் பருவத்தில் சிறுமியர், நாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று ஆண்குழந்தையிடம் மன்றாடுவர். முப்பத்து நான்காம் திங்களில் நடக்கத் தொடங்கிய என் மகன், மூன்றரை வயதில் ஒருநாள், பக்கத்து வீட்டுச் சிறுமி அடுக்கிய மரக்கட்டைகளைக் காலால் எற்றிச் சிதைத்தான். சிதைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அவள் அழுதாள். எங்கள் வீட்டில் அனைவரும் கைதட்டினோம். ஒற்றைக் காலில் ஒரு நொடி நிற்கும் சமநிலை, ஒரு செயலால் ஒரு விளைவு உண்டாகும் என்னும் அறிவு, மற்றொரு குழந்தையை விளையாட்டுக்கு இழுக்கும் குறும்பு ஆகியன எத்தனை தாள்களில் தனித்தனி வரிகளாக இருந்தவை! அச்சிறுமிக்கு நடந்ததைச் சொல்லி, இனிப்புத் தந்து, அவளையும் எங்களோடு கைதட்டச் செய்தோம். அவளே இன்று அவனுடைய நெருங்கிய தோழி.

சிறுதேரைப் பற்றியும் ஒரு சொல். உள்ளே உட்காரவைத்துத் தள்ளவிடும் சக்கர நாற்காலிகளைக் குழந்தை மருத்துவர் பலர் விரும்புவதில்லை. கால் தானே பாரம் தாங்கப் பழகுவதை அவை தடுக்கின்றன. நம் தச்சர் செய்யும் மூன்று சக்கர நடைவண்டியோ குழந்தை எழுந்து நின்று பற்றித் தள்ளவேண்டியது. அது விரைந்து ஓடாதிருக்க நாங்கள் மணற்பை ஒன்றைக் கட்டினோம். அவனுக்கு அதுவே சிறுதேர்.

ஐந்தாண்டு பேசாத பிள்ளை

இந்நிலத்தில் பிறந்தவர்கள் குமரகுருபரரை மறந்து இப்பொருளைப் பேச இயலாது. திருவைகுண்டத்தில் பிறந்து ஐந்தாண்டுவரை வாய் பேசாதிருந்தார். பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று ஒரு மண்டலம் நோன்பிருந்தனர். முருகனருளால் பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு கூறும் மரபு. பதினேழாம் நூற்றாண்டில், மீனாட்சியம்மைக்கும் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கும் பிள்ளைத்தமிழ் பாடியவர் அவரே. பருவம் பிந்திய ஒரு பிள்ளையே பருவங்களைப் பாடுவதில் தலைசிறந்து நின்றார் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை நெகிழ்விப்பது.

ஆனால் இவ்வரலாற்றை எங்களிடம் எடுத்துக்கூறிய உறவினர் பலரும், "அவரு அஞ்சு வயசுல பாடலியா? சும்மா இருங்க, தானா வரும்" என்றே முடித்தனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அப்பெற்றோர் சும்மா இருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்றனர். 48 நாள் ஒரே கருத்தாக இருந்தனர். தமக்குத் தெரிந்த உலகில் எங்கே வழி உண்டோ அங்கே சென்றனர். இன்றைய பெற்றோர்க்கு வழிகள் மிகுதி. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்துள்ளன. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், தாமே கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த இராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் சிற்றூர்க் குழந்தைகளையும் தேடிச் சென்று பயிற்சி அளித்து வருகிறது. சென்னையில் 1985 முதல் வித்யாசாகர் செயற்பட்டு வருகிறது. நோன்பு நோற்க விரும்புவோர் நோற்கட்டும், மையத்திற்கும் செல்லட்டும்.

மரபு கூறும் முடிவு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று என்பதையும் சொல்லியாகவேண்டும். என் மகனுக்கு இப்போது ஆறு வயது. நாற்பது சொற்கள் அளவில் பேசுகிறான். ஏனையவற்றைப் பட அட்டையைத் தொட்டுக் காட்டுகிறான். அவன் கவிபாடுவான் என்று எதிர்பார்த்து நாங்கள் பாடவில்லை. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழின் அரங்கேற்றத்தில் அம்மையே சிறுமியாக வந்து முத்துமாலை அளித்தாள் என்பர். எங்கள் வீட்டில் 'வருக' என்றால் நான்கடி வைத்து, நின்று, சுவரைப் பிடித்து, மறுபடி நான்கடி வைத்து வருகிறான். எங்களுக்கு அவ்வருகை போதும்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

நிறைவாக, இவ்வட்டத்தின் கவிஞர்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது எளியது. ஊமை நீதி, குருட்டுச் சட்டம், முடமான அரசு என்று எழுதும் வழக்கத்தை விடுங்கள். வசைக்கு வேறு சொல் இல்லாத வறுமை தமிழுக்கு இல்லை. அச்சொற்களோடு பிறந்த குழந்தைகளும் உங்கள் பாட்டைக் கேட்கின்றனர்.

இரண்டாவது உழைப்பைக் கேட்பது. இக்குழந்தைகளுக்குப் பாட்டு வேண்டும். பயிற்சியகங்களில் ஒலிக்கும் பாடல்களில் பல ஆங்கிலப் பாடல்களே. ஒரு பாட்டுக்கு ஒரு வினை போதும்: ஊன்று, உருள், எடு, கொடு, ஊது. அடிகள் குறுகியனவாக இருக்கட்டும். பகரமும் மகரமும் மிகுந்து வரட்டும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரட்டும். நமக்குச் சலித்தாலும் குழந்தைக்குச் சலிக்காது. ஒவ்வோர் அடியின் இறுதிச் சொல்லும் குழந்தை நிரப்பத்தக்கதாக நிற்கட்டும். பாடும் தாய் அங்கே நிறுத்திக் காத்திருப்பாள். பத்து விநாடி காத்திருக்கும் பாட்டு எது என்று எண்ணிப் பாருங்கள். யாப்பில் அதற்கு இதுவரை பெயரில்லை. சோறூட்டும்போது, குளிக்கும்போது, சட்டை மாட்டும்போது பாடத்தக்க பாட்டுகள் பத்து அமைந்தால் அதுவே ஒரு புதிய பிள்ளைத்தமிழ். அதில் திங்கட்கணக்கு வேண்டா. பருவங்களின் பெயர் இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பருவம் எப்போது வருகிறதோ அப்போது பாட இடம் இருக்கட்டும். வட்டத்தின் அடுத்த கூட்டங்களில் இத்தகைய பாட்டுகளைக் கொண்டுவாருங்கள். அவற்றைப் பயிற்சியகத்தில் குழந்தைகளிடம் பாடிக்காட்டி, எங்கே சிரித்தனர், எங்கே வாயசைத்தனர் என்று உங்களுக்கு எழுதித் தருவது என் பொறுப்பு.